சிங்கப்பூரில் யானைக்கு வாழைப்பழம்

14-5-96, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சிங்கப்பூரில் மகள் சுமதி வீடு, ஒன்பதாவது மாடி. ஆனால் லிஃப்ட். சின்ன வயதில் போலியோ வந்தபின், யாரும் தூக்காமல் நான் தெருவுக்கு இறங்கியது இன்றுதான்.

சுமதி ஏற்பாடு செய்த சக்கர நாற்காலி. கைப்பிடியை வீட்டுக்காரர் விடவே மாட்டேன் என்கிறார். இரண்டு தடவை என்னைப் பூச்செடிக்குள் விட்டார்.

"டிராக்டர் ஓட்டறவனுக்கு இது பெரிசா, அம்மணி?"

நாளைக்கு: மாத்திரை, குடை, புளிசாதம், இவருக்குத் துண்டு.

15-5, புதன்

மழை விட்டபின் மிருகக்காட்சி சாலை. சுமதிக்கு வேலை, நாங்கள் இருவர் மட்டும். போன இடமெல்லாம் சாய்வுப் பாதை. ஒரு படி இல்லை. குரங்கு என்னையே பார்த்தது. நானும்.

யானைக் காட்சி. சக்கர நாற்காலிக்கென்று முன்வரிசையில் இடம்! தொண்டாமுத்தூரில் எங்கள் தோப்புக்கு வருஷா வருஷம் யானை வரும். என்னைத் தூக்க ஆள் வருவதற்குள் போய்விடும். நான் பார்த்ததெல்லாம் அது போட்ட லத்தியும் முறிந்த தென்னையும்தான்.

விருப்பப்பட்டவர்கள் பழம் வாங்கி ஊட்டலாமாம். இவருக்கு வந்ததே கோபம்.

"நம்ம தோப்புல ஓசியில தின்னுபோட்டுப் போவுது. இங்க காசு குடுத்து ஊட்டோணுமா?"

நான் பழத்தோடு உருட்டிக்கொண்டு போய்விட்டேன். நானே.

"அம்மணி, நில்லு! புடிக்கறேன்!"

"வேண்டாங்க."

தும்பிக்கை நுனியில் ஈரம். மூச்சு சூடு. எவ்வளவு நீள இமைமயிர்! இன்னொரு பழத்தையும் நீட்டினேன்.

பின்னாலேயே ஓடி வந்தார் இவர். யானை இவர் தோள் துண்டை உருவியது. தோப்பில் விரட்டுகிற அதே குரலில், "ஹோ! ஹோய்! போ அந்தப் பக்கம்!"

யானை இரண்டடி பின்வாங்கியது. ஒரே கைதட்டல். காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். பாகன் தமிழ் ஆள். துண்டைத் திருப்பிக் கொடுத்து, "நாளைக்கும் வர்றீங்களா, அண்ணே?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் இவர். டாக்ஸி வரை கைப்பிடியைத் தொடவில்லை.

16-5, வியாழன்

வெயில். இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர்.

மதியம் ஆளைக் காணோம். இன்று லீவு போட்டிருந்த சுமதி போய்ப் பார்த்தால், கீழே வாசல் சாய்வில் குந்தி, முழம் போட்டு அளந்துகொண்டிருக்கிறார். காவலாளி பக்கத்தில் நிற்கிறான்.

மேலே வந்து இந்த நோட்டையே பிடுங்கிப் படம் போட்டார். எங்கள் ஊர் வீட்டு வாசல், மூன்று படி, அதன்மேல் ஒரு சாய்வு.

"எட்டடி போதுமுங்களா?" குரல் கரகரவென்று. எனக்கு 'ங்க' போடுகிறார்!

"எட்டடின்னா அந்தச் சரிவுல உருண்டு நான் நேரா மாட்டுக் கொட்டாய்லதாங்க போயி நிப்பேன்."

எட்டை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார்.