நான் தூக்காத பீரோ

பிப்ரவரி 6

இன்று பனிமலைக் கணவாயில் முப்பது டன் இரும்பை ஒரு கீறல் விழாமல் இறக்கினேன். கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் இரும்பு இரும்புதானே. எங்கள் லாரி அணியில் ஒன்பது பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் ஒன்பது லாரியும் ஒரே சாலையில் வரிசையாகப் போகும். பேசிக்கொண்டே ஓட்டுவோம். யாருக்கும் யார் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. பட்டப்பெயர்தான். டீசல், வாத்தியார் இப்படி. நான் புயல்மாமா. மாமா என்று முதலில் கூப்பிட்டது என் அக்கா மகள், அவளைப் பார்த்து எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் பெயர் அங்கே வெள்ளெலி. சின்ன வயதில் முன்பல் இரண்டும் அப்படி நீட்டிக்கொண்டிருக்கும், நான் வைத்த பெயர். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு அவள் முதல் வண்டி, நான் இரண்டாவது.

வாத்தியார் கேட்டார்: "மாமா, நிஜத்துல எத்தன வருஷம் லாரி ஓட்டினீங்க?"

இருபத்திரண்டு என்றேன். வெள்ளெலிக்கு மைக்கிலேயே இருமல் வந்துவிட்டது.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புக்கு இஸ்திரி போடுகிற மெஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். வருஷக் கணக்கு சரிதானே? வண்டியை மட்டும்தானே மாற்றிச் சொன்னேன்.

பிப்ரவரி 9

டீசல் வளைவில் கவிழ்ந்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மூன்று தடவை சொன்னேன். அப்படி எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

எல்லாரும் போன பிறகு வெள்ளெலி வண்டியை ஓரங்கட்டினாள். நானும் அவள் பின்னால் நிறுத்தினேன். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"மாமா, நான் இந்த வீட்ட விட்டுப் போறேன்."

மாப்பிள்ளை பெரிய ஆபீஸ்காரர். அடிக்கவில்லையாம், திட்டவில்லையாம். பேசமாட்டாராம். போன வருஷம் ஐம்பத்தெட்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இவள் ஏதாவது சொன்னால் சுவரைப் பார்த்துச் சிரிப்பாராம். மூன்று வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பின்னால் கதை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வேலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை போறேன். அவரு வீட்ல இருக்கும்போதுதான் போவேன், திருடி மாதிரி போமாட்டேன். அம்மா வந்தா அழுவா. நீ வரியா?"

"என்ன கேள்வி இது?"

"நீ ஒண்ணும் பேச வேணாம் மாமா. சும்மா நின்னா போதும். எனக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்குன்னு அவருக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும்."

"கெளம்பிட்டேன்னு வச்சுக்கோ."

"கத விடாத. நிஜமா வா."

பிப்ரவரி 16

மூன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒன்று நீலம், அதுதான் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்று மெஷின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "தம்பி, நாங்க பொண்ணத்தான் குடுத்தோம், பொம்மையக் குடுக்கல." நன்றாக வந்தது. விரிப்பு மடிக்கிற அம்மா திரும்பிப் பார்த்து, "யாரோட சண்ட? போர்வையோடயா?" என்றார். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

போக முடியவில்லை. காலையிலேயே பெரிய மெஷின் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் போன் மேல் போன். அந்த மெஷின் என் கைக்குத்தான் கட்டுப்படும், ஊருக்கே தெரியும். நான் போகாவிட்டால் நானூறு நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்திருப்பார்கள். டாக்டரே வந்து என் தோளைத் தட்டினார்.

வெள்ளெலிக்குச் செய்தி அனுப்பினேன். "சரி மாமா" என்று பதில். நல்ல பெண். புரிந்துகொள்வாள்.

பிப்ரவரி 21

அக்கா போன் செய்தாள். புது அறைக்குப் போய்விட்டாளாம். "தனியாவே போயிட்டாடா" என்றாள். நல்லா இருக்காளா என்று கேட்டேன். "இருக்கா" என்றாள். அக்கா இப்படிச் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை.

அணிக்கு அவள் வரவில்லை. மூன்று நாளாக டீசல்தான் முதல் வண்டி. பாதை தெரியாமல் எங்களை ஒரு குவாரிக்குள் கொண்டுபோய் விட்டான்.

பிப்ரவரி 27

எழுதித்தான் ஆகவேண்டும்.

டீசல்தான் கேட்டான், "ஒரு ஞாயித்துக்கெழம உங்களக் காணோமே மாமா, எங்க போனீங்க?" அவ்வளவுதான் கேட்டான். மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நேர் சாலை, வெயில், ஏழு பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

அக்கா மகள் கூப்பிட்டாள், அழுதாள், ஒன்பது மணி நேரம் நிற்காமல் வண்டி ஓட்டிப் போனேன் என்றேன். புருஷன்காரன் வாசலை மறித்தான், தோளில் கை வைத்தேன், அப்படியே சுவரோடு சாய்ந்தான் என்றேன். பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் வைத்து மூன்று மாடி இறக்கினேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன் மாமா" என்று கதறினாள் என்றேன். வாத்தியார் "அடடா" என்றார். டீசல் நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். இன்னும் சொல்லியிருப்பேன்.

அப்போது ஒரு குரல்.

"பீரோவ நான் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன் மாமா. தூக்க ஆளில்ல."

மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் பெயர் திரையின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். அவள் பெயரும் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. கதை சொல்லும்போது நான் எதையும் பார்ப்பதில்லை.

உடனே அவள் கிளம்பிவிட்டாள். பெயர் மறைந்துவிட்டது. எட்டு லாரியும் ஓடிக்கொண்டே இருந்தன. ஐயோ, என்ன காரியம் பண்ணேன்? பெயர் இல்லாத ஆளுங்கதானே, அவங்ககிட்ட சொன்னா சொன்ன மாதிரியா, இப்படித்தானே நெனச்சேன்? அவளும் அங்கதானே இருக்கா! அவ கூட்டிட்டு வந்த இடம்டா அது!

பிப்ரவரி 28

வரவில்லை. ஒன்பது தடவை போன். எடுக்கவில்லை.

மார்ச் 2

மெஷின் கெடவில்லை. இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பதினெட்டாம் தேதி எழுதியது முழுக்கப் பொய். என் நோட்டில் நானே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று டாக்டரை வேறு தோளைத் தட்டவிட்டேன்?

நடந்தது இது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்கு பஸ் நிலையம் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் வீட்டு வாசல் கண்முன் வந்தது. மாப்பிள்ளை கதவைத் திறந்து, "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று அந்தச் சிரிப்போடு கேட்பார். நான் என்ன சொல்வேன்? கல்யாணத்தில் ஒரு தடவை பேசியிருக்கிறார் என்னோடு. எந்தக் கம்பெனியில் இருக்கீங்க என்று கேட்டார். சலவையில் என்றேன். சரி என்று திரும்பிக்கொண்டார். அவள் சும்மா நிற்கத்தான் சொன்னாள். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பேச்சு இல்லாவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

பஸ் போனது. அடுத்ததும் போனது. வீட்டுக்கு வந்து நோட்டில் மெஷினைக் கெடுத்தேன்.

மார்ச் 10

லாரிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உலகத்தில் நான் ஆடாத விளையாட்டு இல்லை. சரி, பதினொன்று ஆடியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பழைய போனில் செங்கல் அடுக்குகிற ஆட்டம். அவளுக்கு அப்போது எட்டு வயது. அக்கா வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் செங்கல் அடுக்கினோம். அப்புறம் கால்பந்து. அதில் அவளிடம் இருபத்தேழுக்குப் பூஜ்யம் தோற்றேன், ஊரில் நடுவர் விலைபோய்விட்டார் என்று சொல்லிவைத்தேன். நகரம் கட்டுகிற ஆட்டத்தில் நான் கட்டிய நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட மறந்துவிட்டேன். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பியபோது அவள்தான் வந்து குழாய் போட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்தது தோட்ட ஆட்டம். சண்டை கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. விதைத்தால் முளைக்கும். நாம் பார்க்காதபோதும் வளரும். இன்று திறந்தால் என் நிலம் பூராவும் களை. வாசலில் அவள் நட்ட பலகை அப்படியே இருக்கிறது: "மாமாவின் சாம்ராஜ்யம். உள்ளே வந்தால் கதை கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்."

களை எடுத்தேன். சாயங்காலம் முழுக்க எடுத்தேன். பலகையை மட்டும் தொடவில்லை.

மார்ச் 19

அக்காவிடம் முகவரி கேட்டேன். "எதுக்கு? போறேன்னு சொல்றதுக்கா?" என்றாள். "வாயாலேயே வண்டி ஓட்டுறவன்டா நீ. எம்பொண்ணு அன்னிக்குக் காலைல பத்து மணி வரைக்கும் உனக்காக ஜன்னல்ல நின்னிருக்கா, தெரியுமா?"

தெரியாது. என் செய்தி ஒன்பதே முக்காலுக்குத்தான் போயிருக்கிறது. இப்போதுதான் போனில் பார்த்தேன்.

முகவரி கொடுத்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

போனேன். நான்கு மணி நேரம் பஸ். மூன்று தடவை வாந்தி. பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். "வாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை வாங்க என்று சொன்னதில்லை அவள்.

ஒரு அறை, ஒரு ஜன்னல், தரையில் ஒரு மெத்தை. துணியெல்லாம் அட்டைப்பெட்டியில், சுவர் ஓரமாக நான்கு பெட்டி. டீ போட்டாள். ஒரு டம்ளர்தான் இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு, பல் தேய்க்கிற கப்பைக் கழுவி அவள் அதில் குடித்தாள்.

பஸ்ஸில் ஒரு பெரிய விளக்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"பயந்துட்டேன்."

"தெரியும் மாமா. மெஷின் கெட்டுப்போச்சுன்னதுமே தெரியும். ஞாயித்துக்கெழம சலவைக்கூடம் லீவுதானே? அதுக்கு நான் கோவப்படல."

"பின்ன எதுக்கும்மா?"

கப்பைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அவரு வாசல மறிக்கல மாமா. உக்காந்து டிவி பாத்துட்டிருந்தாரு. நான் நாலு தடவ ஏறி எறங்கி பெட்டிய எடுத்தேன். அழல. கடைசியா அவரு முன்னாடி போய் நின்னு, போறேன்னு சொல்லிட்டு வந்தேன். என் வாழ்க்கையில நானா தனியா செஞ்சது அது ஒண்ணுதான். அதுல போய் நீங்க ஏறி உக்காந்துட்டீங்க. உங்க கதையில என்ன அழவச்சிட்டீங்க."

நான் சும்மா நின்றேன். அன்றைக்கு வராத அது இன்றைக்கு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாலரை என்றேன். படிக்கட்டு வரை வந்தாள். "அணிய விட்ராதீங்க. உங்களுக்கு அங்க ஆளுங்க இருக்காங்க. நான் வேற கூட்டத்தோட ஓட்டிக்கிறேன்."

அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோதே கேட்டிருக்கலாம், ஒரு பீரோ வாங்கித் தரட்டுமா என்று. படி இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 3

அணிக்குப் போனேன். கணவாய்க்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தச் சொன்னேன். நான் லாரி ஓட்டினதே இல்லை என்றேன்.

"அது தெரியுமே மாமா," என்றார் வாத்தியார். "நீங்க மேட்டுல கியர் போடறதப் பாத்தாலே தெரியும்."

டீசல் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். "பீரோக் கதையும் பொய்," என்றேன். "அவ தனியாத்தான் போனா. அவ அழல. நான் போகவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. டீசல் முதலில் வண்டியை எடுத்தான். ஒவ்வொருவராகக் கிளம்பினோம்.

ஏப்ரல் 11

வேலை. வெயில். டீசல் பாதை கற்றுக்கொண்டுவிட்டான்.

ஏப்ரல் 17

இன்று ஏரிக்கரைச் சாலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு அணி வந்தது. ஆறு லாரி. முதல் வண்டி வெள்ளை. வண்டிக்கு மேல் ஏதோ புதுப் பெயர், ஆனாலும் வளைவில் திரும்புகிற விதத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். பிரேக்கைத் தொடாமல் திருப்புவாள்.

எதிரே வருகிறவர்களுக்கு விளக்கைச் சிமிட்டுவது எங்கள் எல்லாருக்கும் வழக்கம். சிமிட்டினேன். வெள்ளை லாரி, பாதை குறுகலாக இருந்ததால், எனக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கியது. யார் வந்தாலும் அப்படித்தான் ஒதுங்குவாள். அவள் விளக்கு மட்டும் சிமிட்டவில்லை. அவள் பின்னால் வந்த ஐந்து பேரும் எனக்குச் சிமிட்டினார்கள்.

கண்ணாடியில் கடைசி வண்டி மறையும்வரை பார்த்தேன்.

"யாரு மாமா அது?" என்றான் டீசல். "முன்னாடி போனவங்க செம்மையா ஓட்டுறாங்களே. தெரிஞ்சவங்களா?"

ஏழு பேரும் காத்திருந்தார்கள். நேர் சாலை, நல்ல வெயில்.

"ஆமா, நல்லா ஓட்டுறாங்க," என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.