சேறு புகுந்த கொலுசு

1958 நவம்பர் 16, ஞாயிறு

ஊருக்கு வெளியே உஜோங் பாசிரைத் தாண்டி, எருமை மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய சதுப்புநிலத்துக்குக் கொக்கு பார்க்கப் போனோம். கொலுசுச் சத்தத்தை நம்பித்தான் மூன்று வயது மகள் மீனாவைக் கீழே இறக்கிவிட்டேன். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் அடுப்படியில் நின்றாலும் அவள் எங்கே என்று காது சொல்லிவிடும்.

கொக்குகள் கூட்டமாக எழும்பின. கல்லூரியில் படித்த பறவைப் பெயர்களை என் கணவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு அண்ணாந்து நின்றேன். குனிந்தால் மீனா இல்லை. சத்தமும் இல்லை. சுற்றிலும் ஆள் உயரக் கோரை, அடியில் தண்ணீர்.

"மீனா!" என்று அலறினேன்.

"இங்கதாம்மா இருக்கு புள்ள! கன்னுக்குட்டிக்குப் புல்லு ஊட்டுது," என்று எருமை மேய்ப்பவர் குரல் கொடுத்தார். தாய் எருமை ஓரடி தள்ளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மேய்ப்பவர் அவள் கொலுசைக் காட்டிச் சிரித்தார். "சேறு அடைச்சா மணி எங்கம்மா அடிக்கும்? கண்ணையும் கொஞ்சம் வெச்சிருக்கணும்."

"அதான் கிடைச்சிட்டாளே, இன்னும் என்ன அழுகை?" என்று இரவு வீட்டில் கேட்டுவிட்டு என் கணவர் தூங்கிவிட்டார்.

கொலுசை ஊசியால் குத்திக் கழுவி மாட்டிவிட்டேன். மூன்று முறை அவள் காலை ஆட்டிப் பார்த்தேன். ஒலிக்கிறது. ஆனால் விளக்கை அணைத்தால் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அசையாமல் தூங்குவாள். சத்தமும் வராது.

இன்னும் அணைக்கவில்லை.