குச்சிகள் உருண்டையானது எப்படி

மச்சான்,

உன் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதாக உன் தங்கை சொன்னாள். என்னை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோபால்ட் ஆக்சைடு தூள் குச்சி குச்சியாக இருந்தால்தான் மின்சாரம் பாய்ச்சும்போது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வேகமாகப் பிரிக்கும். அன்று ஆய்வகத்தில் சோதித்தபோது மின்னோட்டம் பாதிக்கும் கீழே போனது; குச்சிகள் நொறுங்கிவிட்டன என்று நினைத்தேன். "கல்வத்துல போட்டு இடிச்சியாடா?" என்றேன். "கட்டியா இருந்துச்சு, லேசா தட்டினேன். பெத்த புள்ளைய அடிச்ச மாதிரி குதிக்கிற!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேல்தான் இரும்பு ஸ்டாண்டால் அடித்தேன். நீ விழுந்த பிறகும் மிதித்தேன். கை கழுவும் தொட்டியடியில் உன் பல் கிடந்தது.

பேராசிரியரிடம் நீதான் முதலில் கை ஓங்கினாய் என்று சொன்னேன். மறுத்துப் பேச உனக்குத்தான் வாய் இல்லையே. நாளை உன்னை ஆய்விலிருந்து நீக்குவதாக இருந்தார்.

இன்று அந்தத் தூளின் நுண்ணோக்கிப் படம் வந்தது. நீ தட்டியது காரணமென்றால் உடைந்த துண்டுகள் இருக்கும். இருப்பதெல்லாம் உருண்டைகள். சூடு மிஞ்சினால்தான் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்படி ஆகும். சீக்கிரம் முடியட்டும் என்று தூளைச் சுடும் உலையில் இருநூறு டிகிரி கூடுதலாக ஏற்றி வைத்தவன் நான்.

படத்தைப் பேராசிரியர் மேசையில் வைத்து, உலைச் சூட்டை ஏற்றியதும் நான், முதலில் அடித்ததும் நான், கடைசியில் மிதித்ததும் நான் என்று சொல்லிவிட்டேன்.

"போலீஸுக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"அத அவன்கிட்டயே கேளுங்க சார்."

தாடை ஆறும்வரை காத்திருக்காதே. இந்தத் தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. உன் முடிவை அதில் எழுதி அவருக்கே அனுப்பு.

இப்படிக்கு,
உன்னை அடித்தவன்