மகளும் பேத்தியுமான கன்று

அன்புள்ள மருமகளே,

யாருமே நம்பாத கதை ஒன்று சொல்கிறேன். எருமப்பட்டியில் ஏழு தென்னைகளை இடி சாய்த்த நாளில், நம் செவலைக் காளைக்கு யானை உயரத்தில் கன்று பிறந்தது. பிறந்ததும் கிணற்றையே குடித்துத் தீர்த்தது.

விந்து உருவாகும்போது மரபணுக்கள் சீட்டுக்கட்டாய்க் கலையும், சில காளைகளுக்கு அதிகம் கலைவதும் பரம்பரைக் குணம் என்று நீதானே ஆராய்ந்து சொன்னாய்? நம் காளை அந்த ரகம் என்றாய். சீட்டு அவ்வளவு கலைந்தால் சொந்த ரத்தத்தில் சேர்த்தாலும் அப்புறமென்ன பயம் என்று, நீ தடுத்தும் அதன் மகளோடே சேர்த்தேன்.

உன் அத்தைதான் முதலில் கவனித்தாள். "ஏனுங்க, கைய ஆட்டுனாலும் கன்னு கண்ணச் சிமிட்டலீங்க!"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை மகளான உன்னைத்தான் என் மகன் கௌதமனுக்குக் கட்டுவேன் என்று மீசை முறுக்கினேனே, தையில் பரிசம் போட வரமாட்டேன், சாமி.

இடியும் யானையும் பொய். கன்றுக்குக் கண் தெரியாதது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
நடுங்கும் உன் மாமன்