காய்ந்த புல்லுக்கு நானா பொறுப்பு?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பயப்பட ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. நான் தோட்ட வேலை பார்க்கும் புது அலுவலகத்தில் என்னென்ன செடி வைக்கலாம் என்று, தோட்டத்தை வடிவமைக்க வந்த டிசைனர் என்னிடம்தான் கேட்டார். வெயில் வடிந்து இறங்கும்படி சின்ன இலைப் பூமரம் இரண்டும், அதனடியில் இடுப்புயரக் கதிர்ப்புல்லும் சொன்னேன். கதிர் முற்றினால் வைக்கோல் நிறமாகும்; அதுதான் அந்தப் புல்லுக்கே அழகு. முதலாளியிடம் அவர், "எல்லாம் என் ஐடியா சார்" என்றார். போகட்டும் என்று விட்டேன்.

நேற்று முதலாளி வந்து, "என்னய்யா, புல்லெல்லாம் செத்துப்போச்சு?" என்றார். டிசைனர் வாய் கூசாமல் என்னைக் காட்டி, "இவன் தண்ணியே விடல சார்" என்றார். பார்த்தீர்களா அம்மா? நல்லதென்றால் அவர் மூளை, கெட்டதென்றால் என் கை! எனக்கு வந்ததே கோபம்! ஒரு புல் தூரைப் பிடுங்கி, ஈரம் சொட்டும் வேரை முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது செத்த வேரா சார்?"

முதலாளி தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப இருக்கட்டும்" என்றார்.

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்கிறார் டிசைனர்!

பிடுங்கிய தூரை எறிய மனமில்லை. பெயிண்ட் வாளியில் நட்டுக் கட்டிலருகே வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் அதனிடம்தான் அந்த ஆளைத் திட்டுகிறேன். அறையில் வேறு யாருமில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பதிலில் நீங்களும் அவரை நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள். சத்தமாக வாசிக்கிறேன், புல்லும் கேட்கட்டும்.

உங்கள் மகன்