எனக்கு விளங்காத இரண்டு மொழிகள்

முருங்கன்,
ஆவணி 24, ஞாயிறு மாலை.

அன்புள்ள மகன் றெக்சனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் உதவியால் நான் நடமாடித் திரிகிறேன், சமைக்கிறேன், பூசைக்குப் போகிறேன். அங்கே நீயும் மருமகள் மின்ஜியும் பேத்தி சோராவும் சுகமாயிருக்கிறீர்களா என்று வழமையில் ஒரு வரியில் கேட்டுவிட்டு மற்றச் செய்திகளுக்குப் போய்விடுவேன். இந்தமுறை அது முறைக்காகக் கேட்ட கேள்வி அல்ல, மறுமொழி வேண்டிக் கேட்கிற கேள்வி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே. வெள்ளாங்குளத்துக் கதிர்காமுவின் மகன், என்னிடம் படித்த கீர்த்தனனுக்குக் கொரியாவில் வேலை சரிவந்திருக்கிறது, அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். கருவாடும் தரவா என்று கேட்டேன், ஐயோ ரீச்சர், பிளேனுக்குள்ள என்னை ஏத்தமாட்டாங்கள் என்று கும்பிட்டான். ஆகவே எள்ளுருண்டை மட்டும்.

முதலில் மின்ஜியின் கேள்விக்கு மறுமொழி. போன மாதம் நாங்கள் போனில் சேர்ந்து செபமாலை சொன்னபோது, இங்கே லுக்கி சொல்லும் மொழி தமிழா, சொற்களின் முடிவு தன்னுடைய மொழி போலக் கேட்கிறதே என்று அவள் உன்னிடம் கேட்டாள் அல்லவா. நீ ‘வேற பாஷை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். கேட்ட பிள்ளைக்கு ஒழுங்காக விளக்கம் சொல்ல வேண்டும். லுக்கி இந்தியாவில் தும்காப் பக்கத்துப் பெண், உன் அண்ணன் அலோசியஸ் அகதி முகாமிலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பனி வேலைக்குப் போனபோது அங்கே வேலைக்கு வந்திருந்த அவளைக் கட்டினான், அவளுடைய மொழி சந்தாலி என்று சொல்லு. நான் இரண்டு மொழியும் அறியாதவள். ஆனால் அருள் நிறைந்த மந்திரத்தின் முதற்பாதியை நான் தமிழில் சொல்ல, மறுபாதியைப் பாயிலிருந்து லுக்கி சந்தாலியிலும் போனிலிருந்து மின்ஜி கொரியனிலும் சொல்கிறார்கள். ஒரே செபம் என்பதால் எந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக்கொண்டு கேட்டுக் கேட்டு அறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

மின்ஜியின் காது நல்ல காது. இரண்டிலும் சில சொற்களின் கடைசியில் வரும் க், த், ப் வெளியே வருவதில்லை. உதடும் நாக்கும் ஆயத்தமாகி அப்படியே நின்றுவிடுகின்றன. நாங்கள் அப்படி விடமாட்டோம், கேக் என்பதைக்கூடக் கேக்கு என்று ஓர் உகரம் சேர்த்து வெளியே தள்ளிவிடுவோம். வினைச்சொல் இரண்டிலும் எங்களைப் போலக் கடைசியில்தான் வருகிறது, ஆகையால் ஒருவர் என்ன சொல்ல வருகிறார் என்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் உறவு என்று ஒன்றும் இல்லை, சோராவும் அப்பா என்று கூப்பிடுகிறாள் என்பதற்காக நான் கொரியரையும் எங்களையும் ஒரு குடும்பமாக்க மாட்டேன். கொரியனில் ஆளுக்குத் தக்கபடி வினையின் முடிவு மாறுகிறது, சோராவிடம் ஒருவிதமாகவும் என்னிடம் ஒருவிதமாகவும் மின்ஜி பேசுவதை நான் கவனித்திருக்கிறேன், அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். சந்தாலியில் அவ்வளவு படிகள் இல்லையாம். ஆனால் சூரியனையும் நிலாவையும் உயிருள்ளவையாக வைத்துத்தான் பேசுவார்களாம். நாங்கள் இரண்டு பேர் என்பதற்கென்று தனியாக ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக் காட்டிவிட்டு லுக்கி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கத்து வீட்டு ஸரீனா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, ரீச்சர், உங்கட வீட்டில மூண்டு பாஷையில ஓதுறீங்கள், ஒண்டாவது மேல போய்ச் சேரும்தானே என்கிறாள். அவளுடைய வாய்க்கு நான் மறுமொழி சொல்வதில்லை, ஆனால் சிரிப்பு வந்தது.

இனி வீட்டுச் செய்தி. லுக்கி போகிறாள். மடுத் திருவிழா முடியட்டும் என்று எனக்காகத்தான் நின்றாள், வருகிற மாதம் மகள் பிரஷாந்தியையும் கூட்டிக்கொண்டு தாயிடம் போகிறாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டில் உன்னோடை ஆர் கதைக்கேல்லை, சொல்லு பாப்பம் என்று கேட்டேன். எல்லாரும் பேசுறாங்க அத்தை, நான்தான் அவர் போனதுலேர்ந்து பேசவே இல்லைங்க என்றாள். இத்தனை வருடம் மாமி என்று சொல்லப் பழக்கியும் அவளுக்கு அத்தைதான். ஆனால் அவள் சொன்னது எனக்கு விளங்கியது. அலோசியஸ் ஒருவன்தான் இந்தக் கரையில் அவளுடைய மொழியில் அவளுக்கு மறுமொழி சொன்னவன். பிள்ளையோடு பேசலாமே என்றேன், பிள்ளை தமிழில்தானே திருப்பிச் சொல்லுது என்றாள். நான் மறிக்கவில்லை. பிரஷாந்தியின் சட்டைகளை நானே மடித்து வைத்தேன், இனி யாருடைய தலைக்குப் பேன் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

றெக்சன், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. போன மார்கழியில் அண்ணாவுக்கு எலிக்காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது, கட்டிலின் ஒரு பக்கத்தில் லுக்கி, மறுபக்கத்தில் நான். கடைசி நாள் பின்னேரம் அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பிச் சந்தாலியில் கதைத்துக்கொண்டே இருந்தான். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணை மூடினான். அவர் தூங்கறாருங்க அத்தை, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க என்றாள். நான் அதை நம்பித் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் இல்லை. என் பிள்ளையின் கடைசிச் சொற்கள் எனக்கு இல்லாமல் போய்விட்டன என்று நெஞ்சு எரிந்தது, ஆனால் என்ன சொன்னான் என்று கேட்க வாய் வரவில்லை. மருமகளிடம் இரந்து கேட்பதா என்று இருந்தேன்.

இந்தக் கிழமை அவள் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றபோது கேட்டுவிட்டேன். கையிலிருந்த உடுப்போடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். உங்களைப் பத்தித்தாங்க அத்தை பேசினார் என்றாள். டாக்டர் கைவிட்டது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா விழுந்துடுவாங்க, பிரஷர் மாத்திரையை நேரத்துக்குக் குடு, நான் தூங்கறேன்னு சொல்லி அவங்களை வெளியே அனுப்பு என்று சொன்னானாம். எனக்கு விளங்கக்கூடாது என்பதற்காகவே அந்த மொழியில் சொன்னான். என்னை விழாமல் பார்த்துக்கொண்டான், சரி. ஆனால் மகன், நான் விழுந்திருப்பேன், பிறகு எழும்பி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்த நேரத்தில் நான் ஒரு கடையின் மர வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.

இப்போது நீ கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ இடக்கைக்காரன். சோறு வலக்கையால் சாப்பிடப் பழகினாய், பேனையும் செபமாலையும் மாறவே இல்லை. சில ஞாயிறுகளாகப் போனில் தெரிகிற படத்தில் செபமாலை உன் வலக்கையில் இருக்கிறது, இடக்கை மேசைக்குக் கீழே இருக்கிறது. போன ஞாயிறு சோரா போனைத் தட்டிவிட, அது சரிந்தபோது மின்ஜி கொரியனில் ஏதோ சொன்னாள். நீ போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெதுவாக மறுமொழி சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலை வாட்டில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

நீ வேலை செய்யும் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரத்தில் உனக்கு என்ன நடந்தது? விரலா, கையா? வேலையும் போய்விட்டதா? எதுவானாலும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எனக்குத் தெரியாத மொழியில் ஒளிக்காதே. ஒரு பிள்ளை அப்படிச் செய்தது போதும். மாத்திரையை நேரத்துக்குக் குடிக்கிறேன், ஸரீனா கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். நான் தாங்குவேன்.

மின்ஜியிடம் எனக்கு அவளில் கோபமில்லை என்று சொல்லு. நீ செய்யச் சொன்னதைத்தான் அவள் செய்கிறாள், லுக்கியும் அப்படித்தான் செய்தாள். சோராவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டு முத்தம் கொடு. கீர்த்தனனுக்கு அங்கே ஆரையும் தெரியாது, ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறும் குழம்பும் கொடு. மடு மாதா உங்கள் மூவரையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காதே. செபமாலையை இடக்கையில் எடுத்து, போனுக்கு முன்னால் பிடி. நான் முதற்பாதியைச் சொல்லிவிட்டு நிற்பேன். மறுபாதியை நீ தமிழில் சொல்லு. பிடிக்க ஏலாவிட்டால், அதையும் தமிழில் சொல்லு.

உன் அன்பு அம்மா,
மெற்றில்டா