ஆக்டோபஸ் சண்டையும் காலியான பெஞ்சும்

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்,
மருந்துக்கடைப் பணியாளர்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ஆங்கிலப் பன்மைச் சொற்கள் குறித்து ஆசிரியர்கள் இருவரிடையே நடக்கும் தகராறு – அதனால் என் மகளுக்கு நேர்ந்தது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளின் பள்ளியில் ஆங்கிலத்துக்கு இரண்டு ஆசிரியர்கள். அவள் வகுப்புக்குப் பாடம் எடுப்பவரைப் பிள்ளைகள் அகராதி டீச்சர் என்கிறார்கள். பக்கத்துப் பிரிவுக்கு எடுப்பவர் இன்டர்நெட் சார். பட்டப்பெயர்களுக்கு நான் பொறுப்பல்ல. டீச்சருக்குத் தான் படித்த காலத்து ஆங்கிலம் மட்டுமே ஆங்கிலம். சாருக்குப் போன வாரம் வந்ததுதான் ஆங்கிலம். ஆக்டோபஸ் இரண்டு இருந்தால் 'ஆக்டோபை' என்பார் டீச்சர்; 'ஆக்டோபஸஸ்' என்பார் சார். 'டேட்டா' ஒருமையா பன்மையா என்று ஆசிரியர் அறையில் இருவரும் மல்லுக்கட்டியதிலிருந்து, கணக்கு வாத்தியார் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதுவரை அது அவர்கள் பாடு.

2. ஆனால் இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. பாரபட்சம் கூடாதென்று, ஒரு பிரிவின் விடைத்தாளை அடுத்த பிரிவின் ஆசிரியர்தான் திருத்துவார். டீச்சர் சொல்லிக்கொடுத்ததை என் மகள் எழுத, சார் சிவப்பு மையில் சுழித்தார். டீச்சர் அந்தச் சுழியைப் பச்சை மையில் அடித்து, தாளை அவள் கையிலேயே கொடுத்து, "போய் அவர்கிட்டயே காட்டு" என்றார். சார், "இப்பல்லாம் யாரும் இப்படி எழுதறதில்லன்னு உங்க டீச்சர்கிட்ட சொல்லு" என்று திருப்பி அனுப்பினார். பெரியவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டியதைச் சின்னப் பிள்ளை சுமந்துகொண்டு நடந்தது. அடுத்த தேர்வில் சாருக்குப் பிடித்த மாதிரியே எழுதினாள். அந்த முறை சார் விடுப்பில் போக, டீச்சரே திருத்தினார். அதுவும் தப்பு.

3. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதையும் ஒன்றுக்கு மேல் எழுதுவதில்லை. மிருகக்காட்சிசாலைக் கட்டுரையில் ஒரு சிங்கம், ஒரு குரங்கு, வேடிக்கை பார்க்க ஒரே ஓர் ஆள். ஒரு சுழிகூட விழவில்லை.

4. சென்ற மாதம் 'நட்பு' என்ற தலைப்பு வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்கள் மூன்று பேர். நால்வரும் என் வீட்டில் அடிக்கும் கொட்டத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் சாட்சி. என் மகள் எழுதியதோ, எனக்கு ஒரு தோழி இருக்கிறாள் என்று. பெயர் போடவில்லை, யார் பெயரைப் போடுவாள்? பிழையே இல்லாத கட்டுரை என்று டீச்சர் மெச்சி, காலைக் கூட்டத்தில் மைக்கில் வாசிக்க வைத்தார். மேடையிலிருந்து இறங்கியதும் மூவரும் சூழ்ந்துகொண்டு, "யாருடி அந்த ஒருத்தி?" என்று கேட்டார்கள். ஆக்டோபஸுக்குப் பயந்து அப்படி எழுதினேன் என்று அவள் சொன்னதற்கு, "கதை விடாத" என்றுவிட்டார்கள். மூவரும் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த பெஞ்சில் இப்போது அவள் மட்டும் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்காருகிறாள்.

5. நேரில் போய் ஆசிரியர்கள் இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டேன். கட்டுரையை மாற்றி மாற்றி வாங்கிப் படித்தார்கள். எனக்குத் தெரிந்து முதன்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்: "இதுல ஒரு தப்பும் இல்லைங்களே!" நான் படியிறங்குவதற்குள் அடுத்த சொல்லுக்குச் சண்டை ஆரம்பித்திருந்தது.

6. ஆகவே ஐயா, வழக்கத்தில் இருக்கும் இரண்டு வடிவங்களுக்கும் மதிப்பெண் தர உத்தரவிட வேண்டும். எது சரி என்று தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; சொன்னால் தோற்றவர் தங்கள் வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளைத் தூது அனுப்புவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று. என் மகள் அந்தக் கட்டுரையை மறுபடி எழுதி வைத்திருக்கிறாள். மூவரின் பெயரும் இருக்கிறது. அழுதுகொண்டே எழுதியது, தப்பும் இருக்கலாம். அதை அதே மைக்கில் அவள் வாசிக்க அனுமதி வாங்கித் தர வேண்டும். அந்த ஒரு காலை மட்டும் ஆசிரியர்கள் இருவரும் பேனாவை மூடி வைத்திருந்தால் போதும்.

இடம்: பள்ளி வாசல்
நாள்: திங்கட்கிழமை, காலைக் கூட்டம் முடிந்த பின்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
அந்தப் பெஞ்சில் தனியாக இருப்பவளின் அம்மா